நியூ கலிடோனியா பொதுவாக்கெடுப்பு: வாக்காளர் தகுதி

பசிபிக் கடலில் பிரான்சின் ஆட்சியிலுள்ள நியூ கலிடோனியாவில் விடுதலைப் பூசல் வாக்காளர் பட்டியலையே சுற்றி நின்றது. பூர்வகுடிகளான கனக் மக்கள், குடியேற்றத்தால் சொந்த மண்ணிலேயே சிறுபான்மையாகிவிட்டவர்கள். வந்தவர் எல்லாரும் வாக்களித்தால் தங்கள் குரல் அமுங்கிவிடும் என்று அஞ்சினர்.

1998-இன் நூமியா உடன்படிக்கையும் அதையொட்டிய சட்டமும் தனிப்பட்டியல் வகுத்தன. கனக் வழக்காற்றுக் குடிநிலை உடையோருக்கு வாக்குண்டு. 2014 முடிவுக்குள் 20 ஆண்டுகள் தொடர்ந்து வாழ்ந்த பிறருக்கும் உண்டு. நியாயமான ஏற்பாடு. 2014-இன் விடுதலை வாக்கெடுப்பில் ஸ்காட்லாந்து வேறு வழி சென்றது: லண்டன்வாழ் ஸ்காட்லாந்தியருக்கு வாக்கில்லை, ஸ்காட்லாந்திலேயே சட்டப்படி வசித்த இந்தியருக்கு உண்டு.

நியூ கலிடோனியாவில் 2018-இல் 56.7 சதவீதத்தினரும் 2020-இல் 53.3 சதவீதத்தினரும் விடுதலையை மறுத்தனர். 2021-இல் கொரோனாத் துக்கத்தைச் சுட்டி விடுதலை அணியினர் வாக்கெடுப்பைத் தள்ளிவைக்கக் கோரினர். பாரிஸ் இணங்காததால் புறக்கணித்தனர். மறுப்பு 96.5 சதவீதம், வாக்குப்பதிவு 43.9 சதவீதமே.