ஓட்டுக்குள் ஒளிந்த கதை

சிம்பாங் அம்பாட் பக்கம் செம்பனைக் குலை வெட்டியவரைக் கேளுங்கள்: ஓடு தடித்தால் எண்ணெய் குறைவு. தடித்த ஓட்டு மரத்தையும் ஓடில்லா மரத்தையும் கலந்தால் மெல்லிய ஓட்டுத் 'தெனேரா'. எண்ணெய் சுமார் 30 விழுக்காடு கூடும்.

இது ஒரே மரபணுவின் வேலை என்று பெல்ஜியக் கொங்கோவில் 1941-இல் சொன்னார்கள். எந்த மரபணு? விடைக்கு 72 ஆண்டுகள். 2013-இல் கண்டுபிடித்தது வேறு யாருமல்ல, நம் மலேசிய செம்பனை எண்ணெய் வாரியத்தின் குழு!

அந்த மரபணு தரும் புரதம் டிஎன்ஏவைப் பிடித்து மற்ற மரபணுக்களை இயக்கும். எங்கே பிடிப்பது? இவ்வகைப் புரதங்கள் தேடும் முகவரி: இரண்டு 'சி', நடுவே 'ஏ' அல்லது 'டி' ஆறு, பின் இரண்டு 'ஜி'. பிடிக்கும் பகுதியில் ஓர் அமினோ அமிலம் மாறிய புரதம் மட்டுமே இருந்தால் ஓடே உருவாகாது.

முன்பு கலப்படக் கன்றை நட்டவருக்குக் காய்த்த பிறகுதான் நட்டம் தெரியும். இப்போது நாற்றின் இலையே சொல்லிவிடும்.