பாலிஷ் ஏறிய அரிசி

ரங்கூனுக்கு வடக்கே, பியே ரயில் பாதையில் இருக்கிறது மாவ்பி. 1877இல் திறந்த அந்தப் பாதைதான் பர்மாவின் முதல் ரயில் பாதை. சுற்றிலும் நெல் வயல். வெள்ளைக்காரர் காலத்திலேயே அரசு நெல் ஆராய்ச்சிப் பண்ணை வைத்த ஊர். 'மாவ்பி' என்ற பெயரிலேயே பின்னாளில் நெல் ரகங்கள் வந்தன.

அந்த வட்டாரத்து நெல்லைப் பின்தொடர்ந்தால் பாதி வழியில் தமிழர்கள் வந்து சேர்ந்துகொள்வார்கள். காடு திருத்தி வயலாக்கிய பர்மியருக்குக் கடன் கொடுத்தவர்கள் செட்டிநாட்டு நகரத்தார். 1930களின் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழ, வட்டி கட்ட முடியாதவர்களின் நிலங்கள் கை மாறின. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கால் பங்கு நிலம் செட்டியார் கைக்கு வந்திருந்தது. அறுவடைக்கும், மில்லுக்கும், துறைமுகத்தில் மூட்டை தூக்கவும் போனவர்களில் தெலுங்கரும் தமிழரும் ஏராளம்.

ரங்கூன் மில்லில்தான் நெல்லின் பிறவி மாறுகிறது. முதலில் கல் உமியை உடைக்கும். மிஞ்சுவது பழுப்பு அரிசி. அடுத்து கூம்பு வடிவ எமரிக் கல் சுழலும். கல்லுக்கும் கம்பி வலைக்கும் நடுவே சிக்கித் தவிடு உரியும். கடைசியில் ஆட்டுத்தோல் பட்டைகள் சுற்றிய உருளை. அதில் உரசி விழும் அரிசி கண்ணாடியாக மின்னும். நூறு கிலோ நெல் போட்டால் எழுபது கிலோவுக்கு மேல் தேறாது. அந்தக் கடைசி உருளையின் வேலைக்குப் பெயர் பாலிஷ்.

ஆங்கிலத்தில் அந்த வினைச்சொல் பித்தளையையும் பூட்ஸையும் தேய்க்கும். மனிதனின் நடையையும் பேச்சையும் எழுத்தையும்கூடத் தேய்க்கும். ஒருவரை 'பாலிஷ் ஆனவர்' என்று ஆங்கிலேயர் சொன்னால் பெரும்பாலும் அது பாராட்டு. நம் ஊரில் 'பாலிஷாப் பேசறான்' என்றால் கேட்பவர் மடியை ஒருதரம் தொட்டுப் பார்த்துக்கொள்வார். நம்மிடமும் இதற்கு ஈடாகத் 'தீட்டு' இருக்கிறது. அரிசி, கத்தி, புத்தி, திட்டம் எல்லாவற்றையும் தீட்டுகிறோம். அதில் உழைப்பு தெரியும். பாலிஷில் பளபளப்புதான் தெரியும்.

அந்தப் பளபளப்பின் விலை என்ன என்பது மலாயாவில் உயிர்க் கணக்காக வந்தது. சுரங்கங்களில் வேலை பார்த்த சீனர்கள் பெரிபெரி நோயில் கால் மரத்து, உடல் வீங்கிச் செத்தார்கள். தோட்டத்துத் தமிழர்களை அந்த நோய் பெரும்பாலும் தொடவில்லை. லியோனர்ட் பிராடன் என்ற மருத்துவர் இரு தரப்பார் சோற்றையும் ஒப்பிட்டார்: சீனர் தின்றது தீட்டிய பச்சரிசி, தமிழர் தின்றது புழுங்கலரிசி. 1905இல் வில்லியம் பிளெச்சர், கோலாலம்பூர் மனநல விடுதியில் நோயாளிகளை இரண்டாகப் பிரித்து ஒரு பக்கம் பச்சரிசியும் மறுபக்கம் புழுங்கலும் போட்டுப் பார்த்தார். பச்சரிசிப் பக்கத்தில் நோய் பரவியது, சாவும் விழுந்தது.

காரணம், தவிட்டோடு போன ஒரு சத்து. 1912இல் காசிமிர் ஃபங்க் அந்தப் பொருளுக்கு 'வைட்டமின்' என்று பெயர் வைத்தார். 1926இல் ஜாவாவில் யான்சனும் டோனாத்தும் அரிசித் தவிட்டிலிருந்தே அதைப் பிரித்தெடுத்தார்கள். இன்று அது தயமின், பி1. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தயமினில் ஒரு பகுதி தவிட்டிலிருந்து அரிசிக்குள் இறங்கிவிடும். பிறகு எவ்வளவு தேய்த்தாலும் முழுக்கப் போகாது. நம் பாட்டிமார் தயமினுக்காக நெல் அவிக்கவில்லை. அரிசி உடையக்கூடாது, சோறு உதிரியாக வரவேண்டும் என்று அவித்தார்கள். அதற்குக் கிடைத்த கூலி உயிர். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் போகும் சரக்குக்காக ரங்கூன் மில்களும் நெல்லை அவித்தே அனுப்பின. 'மில்சார்' என்பது அப்படி ஒரு புழுங்கல் ரகத்தின் வியாபாரப் பெயர்.

1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் வசமானது. அரிசிக் கப்பல் நின்றது. லட்சக்கணக்கான இந்தியர்கள் நடந்தே ஊர் திரும்பினார்கள். பலர் வழியிலேயே மடிந்தார்கள். அடுத்த ஆண்டு வங்காளத்தைப் பஞ்சம் தின்றதற்கு, பர்மா அரிசி வராமல் போனதும் ஒரு காரணம்.

கப்பல் நின்றாலும் பாலிஷ் நிற்கவில்லை. இன்று நம் மில்களில் ஆட்டுத்தோல் இல்லை. நீர்த்தூவலோடு தேய்க்கும் 'சில்கி' இயந்திரம் இருக்கிறது. கடையில் அரிசியை உள்ளங்கையில் கொட்டி வெளிச்சத்தில் பார்க்கிற நம் கண்ணுக்காக ஓடுகிறது அது. அண்மை ஆண்டுகளில் ரேஷன் அரிசியில் நூறு கிலோவுக்கு ஒரு கிலோ வீதம் செறிவூட்டிய மணிகளைக் கலந்தார்கள். இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்து மாவைப் பிசைந்து அரிசி வடிவில் செய்தவை அவை. களையும்போது மிதந்த அவற்றைப் பார்த்து, 'பிளாஸ்டிக் அரிசி' என்று பொறுக்கி எறிந்தவர்கள் உண்டு. மில்லில் ஒரு சத்தைத் தேய்த்து எடுக்கிறோம், அரசு வேறு சத்தைச் சேர்த்து அனுப்பியது, அதையும் பொறுக்கிப் போட்டோம். மில்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. வெள்ளையாக இருந்தால்தான் நல்ல அரிசி என்று கேட்டு வாங்குவது நாம்தான்.