கொர்னேலியா சொராப்ஜி

கொர்னேலியா சொராப்ஜி (15 நவம்பர் 1866, நாசிக் – 6 ஜூலை 1954, லண்டன்) இந்தியாவின் முதல் பெண் வழக்கறிஞர். தந்தை சொராப்ஜி கர்சேத்ஜி, கிறித்தவரான பார்சி. தாய் பிரான்சினா புணேயில் பள்ளிகள் நடத்தியவர்.

டெக்கான் கல்லூரி இறுதித் தேர்வில் முதலிடம் பெற்றார். அந்த இடத்துக்குரிய இங்கிலாந்துப் படிப்புதவியைப் பெண் என்பதால் அரசு மறுத்தது. புளோரன்ஸ் நைட்டிங்கேல் உள்ளிட்டோர் பணம் திரட்டித் தர, 1889இல் ஆக்ஸ்போர்டின் சோமர்வில் கல்லூரியில் சேர்ந்தார். 1892இல் பல்கலைக்கழகத்தின் தனி அனுமதியுடன் பி.சி.எல். சட்டத் தேர்வை எழுதித் தேறினார். அதை எழுதிய முதல் பெண் அவரே. ஆனால் ஆக்ஸ்போர்டு பெண்களுக்குப் பட்டம் வழங்கத் தொடங்கியது 1920இல்தான். தாயகம் திரும்பி, 1897இல் பம்பாயிலும் 1899இல் அலகாபாத்திலும் சட்டத் தேர்வுகளில் வென்றார். தேர்வெழுத விட்டவர்கள் தொழில் செய்ய விடவில்லை.

அவர் சட்டம் படித்ததற்கு ஒரு காரணம் இருந்தது. கோஷா முறையில் வாழ்ந்த ஜமீன் வீட்டு விதவைகள் பெருஞ்சொத்துக்கு உரியவர்களாக இருந்தும், அந்நிய ஆண்களைப் பார்க்கக் கூடாது என்பதால் வக்கீலிடம் தங்கள் குறையை நேரில் சொல்ல வழியில்லை. உறவினரும் காரியஸ்தரும் நீட்டிய இடத்தில் கைநாட்டு வைத்தார்கள். இவர்களுக்குப் பெண் சட்ட ஆலோசகர் வேண்டும் என்று சொராப்ஜி விடாமல் மனுச் செய்தார். 1904இல், இத்தகையோரின் சொத்துகளை நிர்வகித்த அரசு அமைப்பான வங்காள 'கோர்ட் ஆப் வார்ட்ஸ்' அவரை நியமித்தது. பல்லக்கிலும் படகிலும் சென்று அந்தப்புரங்களில் அமர்ந்து அவர்கள் பேச்சைக் கேட்டார். ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் 600க்கும் மேற்பட்ட பெண்களும் அநாதைக் குழந்தைகளும் அவர் உதவியைப் பெற்றனர். அவருடைய பட்டங்களைவிட இந்தப் பணியே பெரிது.

பெண்கள் வழக்காடுவதற்கான தடையை 1923ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கியது. 1924இல் கல்கத்தாவில் வழக்கறிஞரானபோது அவருக்கு வயது 57.

காந்தியின் இயக்கத்தை அவர் எதிர்த்தார். இந்தியாவை இழித்துரைத்த காதரைன் மேயோவின் நூலுக்கு ஆதரவாகவும் நின்றார். அது பெரும் பிழை. நாடு அவரை நெடுங்காலம் மறந்திருந்ததற்கு இதுவும் காரணம்.

பெண்களுக்கான தடை வேறு இடங்களிலும் நீங்கியது. இங்கிலாந்தில் 1919ஆம் ஆண்டுச் சட்டம் பெண்களுக்குப் பாரிஸ்டர் தொழிலைத் திறந்துவிட்டது. அதன் பயன் மலாயாவுக்கும் வந்தது. லிம் பெங் ஹோங் 1926இல் லண்டனில் பாரிஸ்டரானார். பி. எச். ஊன் என்ற பெயரில் 1948இல் மலாயாக் கூட்டரசு சட்டமன்றத்தில் அமர்ந்த முதல் இரு பெண்களில் ஒருவர் அவர். இந்தியாவிலோ, சென்னை உயர் நீதிமன்றத்தில் 1929இல் முதல் பெண் வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்டவர் ஆனந்தா பாய்.