பலகையின் அளவும் காயின் அடியும்

சதுரங்கம் நம் நாட்டில் தோன்றிய ஆட்டம் என்பதை மாணவர் பலரும் அறிவர். நால்வகைப் படை என்னும் பொருளுடைய அப்பெயர், பாரசீகத்தில் சத்ரங் என்றும் அரபு மொழியில் சத்ரஞ்ச் என்றும் திரிந்து மேல்நாடு சென்றது. பலகையும் காய்களும் எவ்வளவு பெரியனவாக இருத்தல் வேண்டும் என்னும் சிறிய வினாவுக்கும் ஒரு வரலாறு உண்டு. அதை நான் தேடிப் படித்ததற்குக் காரணம், தலைமையாசிரியனாக இருந்த நாளில் நான் செய்த ஒரு தவறு.

பள்ளிக்குக் காய்கள் வாங்கச் சென்ற நான், பார்வைக்குக் கம்பீரமான பெரிய காய்களைத் தேர்ந்தெடுத்தேன். பலகையோ பள்ளியில் முன்பே இருந்த சிறிய பலகை. ஆண்டுவிழாப் போட்டியின் இறுதி ஆட்டத்தில், ஒரு மாணவனுடைய யானை எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று பூசல் எழுந்தது. காயின் அடி இரண்டு கட்டங்களிலும் பரவியிருந்தது. நடுவராக இருந்த நான் அவனுக்கு எதிராகத் தீர்ப்புரைத்தேன், அவன் தோற்றான். நகர்த்தல்களை அவன் தன் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தான். மறுநாள் அதை வாங்கிப் பார்த்தபோது, அவன் கூறியதே சரி என்று கண்டேன். தவற்றை அவனிடம் ஒப்புக்கொண்டேன். அவன் பணிவுடன் கேட்டுக்கொண்டான். ஆயினும் மீண்டும் அப்பலகையின் அருகே அவன் வரவில்லை.

இனி வரலாற்றுக்கு வருவோம். 1831-ஆம் ஆண்டில் ஸ்காத்லாந்தைச் சேர்ந்த லூயிஸ் தீவில், பெரும்பாலும் வால்ரஸ் என்னும் கடல்விலங்கின் தந்தத்தில் செதுக்கிய பழங்காய்கள் கண்டெடுக்கப்பட்டன. அவை 12-ஆம் நூற்றாண்டின என்று அறிஞர் கருதுவர். அவற்றுள் மிக உயர்ந்த அரசன் ஏறத்தாழ 10 செண்டிமீட்டர். இன்றைய போட்டிக் காய்களின் அரசனும் அதற்குச் சற்றே குறைந்த உயரமுடையவனே. ஆயினும், அப்பழங்காய்களைப் பரப்பி ஆடுவதற்குச் சுமார் 82 செண்டிமீட்டர் அகலமுள்ள பலகை வேண்டும் எனக் கணக்கிட்டுள்ளனர். அரசனும் அரசியும் அரியணையில் வீற்றிருக்கும் உருவங்கள். ஆதலின் அவற்றின் அடி அகன்றது. பலகையின் அளவை முடிவு செய்வது காயின் உயரம் மட்டுமன்று, அதன் அடியுமே என்பது இதனால் விளங்கும்.

பிற்காலத்தில் நாட்டுக்கு நாடு காய்களின் வடிவம் வேறுபட்டது. இங்கிலாந்தில் ஒருவகை, பிரான்சில் மற்றொருவகை. அவற்றுட் பல மெலிந்து நெடியனவாய், கை பட்டால் சாய்வனவாய், ஒன்றுக்கொன்று வேறுபாடு தோன்றாதனவாய் இருந்தன. அயல்நாட்டுக் காய்களைக் கொண்டு ஆட நேர்ந்தவர் மயங்கினர்.

1849-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் நத்தானியேல் குக் என்பவர் ஒரு புதிய வடிவத்தை இலண்டனில் பதிவு செய்தார். ஜாக்ஸ் என்னும் நிறுவனத்தார் அதனைச் செய்து, அவ்வாண்டு செப்டம்பரில் விற்பனைக்குக் கொணர்ந்தனர். அன்றைய பெரும் ஆட்டக்காரரும் ஷேக்ஸ்பியர் நாடகங்களைப் பதிப்பித்தவருமான ஹவர்டு ஸ்டாண்டன் அதனைப் பாராட்டித் தம் பெயரை வழங்க இசைந்தார். வடிவம் அவர் வகுத்ததன்று. பெயர் மட்டும் அவருடையதாக நிலைத்தது. அகன்ற அடி, தாழ்ந்த எடைமையம், பார்த்தவுடன் அடையாளம் தெரியும் தலை ஆகிய மூன்றும் அதன் சிறப்புக்கள். 1851-இல் இலண்டனில் 16 பேர் கலந்துகொண்ட முதல் அனைத்துலகப் போட்டியை ஸ்டாண்டனே முன்னின்று நடத்தினார். வென்றவர் ஜெர்மானியரான ஆண்டர்சன். பல நாட்டார் ஒரே பலகையின் முன் அமரும் காலம் வந்தபின், பொதுவான வடிவத்தின் தேவையும் வளர்ந்தது.

1924-இல் பாரிசில் தோன்றிய உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு, இன்று போட்டிகளுக்கு ஸ்டாண்டன் வடிவத்தையே பரிந்துரைக்கிறது. அரசனின் உயரம் சுமார் 9.5 செண்டிமீட்டர், அரசி 8.5, மந்திரி 7, குதிரை 6, யானை 5.5; சிப்பாய் 5. காயின் அடி, அதன் உயரத்தில் 100-க்கு 40 முதல் 50 பங்கு வரை இருக்கலாம். கட்டத்தின் பக்கம் 5 முதல் 6 செண்டிமீட்டர். எட்டுக் கட்டங்களுக்கு, விளிம்பு நீங்கலாக, 40 முதல் 48 செண்டிமீட்டர் ஆகிறது.

வீட்டுக்கு வாங்குவோர் முதலில் மேசையை அளத்தல் நன்று. பலகைக்கு இருபுறமும், வெட்டுண்ட காய்களை வைக்க இடம் வேண்டும். மேசை சிறிதாயின் அரசனின் உயரம் 7.5 செண்டிமீட்டரும், கட்டம் ஏறத்தாழ 4 செண்டிமீட்டரும் போதும். சிறிய தொகுதி குறைவுடையதன்று. பொருந்தாத தொகுதியே குறைவுடையது. கடையிலேயே சோதிக்க எளிய வழி ஒன்றுண்டு. ஒரு கட்டத்தினுள் நான்கு சிப்பாய்களை நிறுத்திப் பாருங்கள். நெருக்கமின்றி, வெளியே வழியாமல், நான்கும் சரியாக அடங்கினால் பலகையும் காயும் ஒன்றுக்கொன்று ஏற்றவை. கட்டத்தின் பக்கம் சிப்பாயின் அடியைப்போல் இருமடங்கு இருத்தல் வேண்டும் என்பதே இதன் உட்கருத்து.

நான்கு சிப்பாய்களை நிறுத்திப் பார்க்க அரை நிமிடமே ஆகும். அந்த அரை நிமிடத்தை அன்று நான் கடையில் செலவிட்டிருந்தால், அம்மாணவனுடைய யானை எங்கே நிற்கிறது என்று எவரும் கேட்டிருக்கமாட்டார்கள்.