கூப்பன் அரிசி: ஓர் உரிமையின் வரலாறு

அனைவருக்கும் அடிப்படை வருமானம் என்பது மேலைநாட்டுப் பொருளியலாளர் அண்மையிற் கண்ட புதுமையாகவே பேசப்படுகின்றது. பின்லாந்தில் 2017, 2018 ஆம் ஆண்டுகளில் வேலையற்றோர் 2000 பேருக்கு மாதந்தோறும் 560 யூரோ வழங்கிப் பார்த்தமை அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகின்றது. ஆயின், 1942 முதல் முப்பத்தைந்து ஆண்டுகளாக இலங்கை முழுவதுமே இத்தகையதொரு பரிசோதனைக் களமாய் விளங்கியது, பணத்தாலன்று, அரிசியால்.

ஆறுகளற்ற யாழ்ப்பாணக் குடாநாட்டில் மழையை நம்பிய ஒருபோக நெல் போதுமானதாக இருந்ததில்லை. புகையிலை, வெங்காயம், மிளகாய் என்பனவே தோட்டக்காரனுக்குக் காசு தந்தன. நிலமற்ற, ஒடுக்கப்பட்ட சாதியினருக்கோ கூப்பன் அரிசி நிலவுடைமையாளனின் தயவைச் சாராத உணவாயிற்று. 1968இலும் மாவிட்டபுரம் கோயிற்கதவு அவர்களுக்கு அடைக்கப்பட்டிருந்த சமூகத்தில், கூப்பன் புத்தகம் சாதி பாராது ஒரே கொத்தை அளந்தது. (சங்கக்கடை நிருவாகம் பெரும்பாலும் ஆதிக்க சாதியினரிடமே இருந்ததென்பது வேறு கதை.) இவ்வரிசிக்கான அந்நியச் செலாவணியைப் பெருமளவு ஈட்டித் தந்தது, 1948இற் குடியுரிமை பறிக்கப்பட்ட மலையகத் தொழிலாளரின் உழைப்பு என்பதும் ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

1953 யூலையில் ஒரு கொத்தின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. இடதுசாரிகள் அழைத்த ஆகஸ்ட் 12 ஹர்த்தாலைத் தமிழரசுக் கட்சி ஆதரித்தது. தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜி. ஜி. பொன்னம்பலமோ அமைச்சரவையில் வீற்றிருந்தார். அவ்வமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலிற் கூடவேண்டியதாயிற்று. ஒக்டோபரில் டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார். 1966இற் பங்கீட்டை இரண்டு கொத்திலிருந்து ஒன்றாக்கிய அவரது அரசு 1970இற் தோற்றது. இரண்டாங் கொத்தைத் தருவதாக வாக்களித்தோர் வென்றனர்.

1978இல் மாத வருமானம் 300 ரூபாவுக்குக் குறைந்த குடும்பங்களுக்கே பங்கீடு என வரையறுக்கப்பட்டது. ஆண்டிற்கொருமுறை புகையிலை விற்றுக் காசு காணும் விவசாயியின் 'மாத வருமானம்' எது? 1979இல் அரிசியின் இடத்தை உணவு முத்திரை பெற்றது. கொத்து அரிசி விலையேறினும் கொத்து அரிசியே; முத்திரையோ ரூபாவிற் குறிக்கப்பட்டது. அத்தொகை விலையேற்றத்துக்கேற்ப உயர்த்தப்படாமையால், சில ஆண்டுகளுள் அதன் வாங்கும் வலு ஏறத்தாழப் பாதியாயிற்று. இதற்கெதிராக 1953 போன்றதொரு ஹர்த்தால் எழவில்லை. ஆசிரியரும் எழுதுவினைஞரும் சிறு தோட்டக்காரரும் கூலியாளரோடு ஒரே வரிசையில் நின்ற காலத்திற் பங்கீடு எவராலும் எளிதிற் தீண்டவியலாததாயிருந்தது. வறியோரை மட்டும் பிரித்து நிறுத்தியதும் அவர்களுக்காகப் பேசும் நா குறைந்தது. இறக்குமதித் தாராளமயத்தால் மிளகாய், வெங்காயச் செய்கையாளர் நொடிந்ததும் இதே ஆண்டுகளிலேயே.

பின்வந்த சனசவிய, சமுர்த்தி என்பனவும் பயனாளியைத் தேர்ந்தெடுக்கும் திட்டங்களே. 2023இல் அஸ்வெசும தொடங்கியபோது, பட்டியலில் இடம்பெறாதோரின் மேன்முறையீடுகள் இலட்சக்கணக்கிற் குவிந்தன.