தமிழ் முரசு: உடைமையும் உரிமையும்

செய்தித்தாளின் வரலாற்றை ஆசிரியர்களின் பெயர்களைக் கொண்டு எழுதுவது வழக்கம். அதன் செலவைத் தாங்கியவர் யாவர், அது யார் கைக்கு மாறியது என நோக்கினால் மற்றொரு வரலாறு புலனாகும். சிங்கப்பூர்த் தமிழ் முரசின் வாழ்வை அவ்வாறு ஆராய்வோம்.

இந்நகரில் தமிழ் இதழ்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தோன்றின. மகுதூம் சாயபு 1887இல் தொடங்கிய ‘சிங்கை நேசன்’ என்னும் கிழமை இதழ் 1890உடன் நின்றது. அவ்விதழ் மூன்றாண்டுகளே வாழ்ந்த மண்ணில்தான், 1935 ஜூலை 6ஆம் நாள் தமிழ் முரசு பிறந்தது. தமிழர் சீர்திருத்தச் சங்கத்தின் கிழமை இதழாக எழுந்த அது, விரைவில் தமிழவேள் கோ. சாரங்கபாணியின் உடைமையாகி, நாளேடாகவும் வளர்ந்தது. ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் தடைப்பட்டுப் போருக்குப்பின் மீண்டும் ஒலித்தது.

ஏடு ஒருவருடையதாயினும் அதன் குரல் சமூகத்தினுடையதாக விளங்கிற்று. 1950களில், மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழ் இடம்பெற வேண்டி, ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் முழக்கத்துடன் முரசு நிதி திரட்டியது. எளிய உழைப்பாளரும் தம்மால் இயன்றதை ஈந்தனர். அக்காலத்து மாணவர் மணிமன்ற மலர் இளையோர் பலரை எழுதப் பயிற்றியது. வாசகர் அன்று வாங்குபவராக மட்டுமின்றி உரிமையாளராகவும் நடந்துகொண்டனர்.

1974இல் தமிழவேள் மறைந்தார். குடும்பத்தார் ஏட்டைத் தொடர்ந்து நடத்தினர். 1964இல் தோன்றிய ‘தமிழ் மலர்’ நாளேடு 1980இல் நின்றுபோனமை, தமிழ் ஏடு நடத்துவதன் அருமையைக் காட்டும். 1995இல் தமிழ் முரசு சிங்கப்பூர்ப் பத்திரிகை நிறுவனத்தின் உடைமையாயிற்று. பிற்காலத்தில் தோ பாயோ வடக்கில் உள்ள செய்தி நிலையத்தில், ஆங்கில, சீன, மலாய் ஏடுகளோடு ஒரே கூரையின்கீழ் இயங்கியது. 2021 டிசம்பரில் அந்நிறுவனத்தின் ஊடகப் பிரிவு, இலாப நோக்கமற்ற எஸ்பிஎச் ஊடக அறக்கட்டளையாகப் பிரிந்தது. அதற்கு ஐந்தாண்டுகள், ஆண்டுதோறும் 18 கோடி வெள்ளி வரை அளிக்க அரசாங்கம் 2022இல் முன்வந்தது.

சங்கம், தனிமனிதர், குடும்பம், பங்கு நிறுவனம், அறக்கட்டளை என உடைமை ஐந்து நிலை கண்டது. ஒவ்வொரு மாற்றமும் ஏட்டை வாழவைத்தது. ஆயினும் எந்த மாற்றமும் வாசகரை உண்டாக்கித் தரவில்லை. அப்பணி பள்ளிகளுடையதாக இருந்தது. 1982இல் உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப்பள்ளி மூடப்பட்டபின், எல்லாப் பாடங்களையும் தமிழில் கற்று வெளிவரும் தலைமுறை இல்லை. தமிழை ஒரு பாடமாகக் கற்கும் மாணவரே நாளைய வாசகர்.

எனவே, ‘ஏட்டை யார் நடத்துகிறார்?’ என்பதோடு ‘யார் படிக்கிறார்?’ என்றும் நாம் வினவுதல் வேண்டும். தேர்வுக்குரிய பகுதிகளோடு அன்றைய செய்தியொன்றையும் வகுப்பில் படிக்கச் செய்யலாம். அதுபற்றி ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதச் செய்யலாம். பணம் ஏட்டை அச்சிடும். அதனைப் பேச வைப்பவர் வாசகரே. உடைமை கைமாறலாம், உரிமையோ படிப்பவரிடமே நிற்கும்.