மயக்கமும் தெளிவும் தேறுதலும்

திண்டுக்கல் பேகம்பூர்ப் பக்கம், ஆபரேஷன் முடிந்து வந்தவரைப் பார்க்கப் போகிறவர்கள் கேட்பது இரண்டு கேள்விகள். அன்றைக்கே போனால், "மயக்கம் தெளிஞ்சிருச்சா?" நாலு நாள் கழித்துப் போனால், "உடம்பு தேறிருச்சா?" கேட்கிறவர் யோசித்துச் சொல் பொறுக்குவதில்லை. மயக்கம் தெளியும், உடம்பு தேறும் என்று தமிழ் எப்போதோ பிரித்து வைத்துவிட்டது. மயக்க மருத்துவம் தெளிவை மதிப்பெண் போட்டு அளக்கத் தொடங்கி அரை நூற்றாண்டுக்குச் சற்று மேல்தான் ஆகிறது; தேறுதலைத் தனியாக அளந்தது அதற்கும் பின்னால்தான். காலையில் ஆஸ்பத்திரிக்குப் போய் மாலையில் வீடு திரும்பும் ஒருநாள் அறுவை சிகிச்சை பெருகிவரும் இக்காலத்தில், இச்சொற்கள் வந்த வழியை அறிவது நோயாளிக்கும் பயன் தரும்.

மயக்கம் என்பதன் பழம்பொருள் கலப்பு. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தில் வேற்றுமை மயங்கியல் என்று ஓர் இயலே உண்டு. ஒரு வேற்றுமை இன்னொன்றின் இடத்தில் வந்து கலப்பதைப் பேசுவது அது. ஒரு திணைக்கு உரியது மற்றொரு திணையில் வந்தால் திணைமயக்கம். 'பக்கம்' என்ற சொல்லில் இரண்டு ககரம் சேர்ந்து நிற்பதை உடனிலை மெய்ம்மயக்கம் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். இவற்றில் யாரும் நினைவிழந்து விழவில்லை. சேர்தலும் கலத்தலும்தான் நடக்கின்றன. பகலும் இருளும் கலக்கும் பொழுதை 'மாலை மயங்கும் நேரம்' என்று இன்றும் சொல்கிறோம். கலந்ததைப் பிரித்தறிய முடியாதபோது கலப்பு குழப்பமாகிறது. அறிவே குழம்பினால் மருட்சி. அதையும் தாண்டினால் நினைவிழப்பு. இந்தக் கடைசிப் படியில் நின்றுதான் 'மயக்க மருந்து' என்ற பெயர் பிறந்தது.

அண்டை மொழிகள் இதே பொருளுக்கு வேறு வாசல் திறந்தன. தெலுங்கில் மத்து மந்து. மத்து என்றால் போதை. மலையாளத்தில் 'மயக்குமருந்து' என்றால் போதைப்பொருள். நம் ஊர் ஆஸ்பத்திரியில் கௌரவமாக நிற்கும் பெயர், கேரள எல்லையைத் தாண்டினால் போலீஸ் வழக்காகிவிடும். கன்னடத்தில் அரிவளிகெ: அறிவு அழிதல் என்று தமிழ்க் காதுக்கே புரிகிறது.

மைசூர்ச் சீமையின் நினைவு பேகம்பூரின் பெயரிலேயே இருக்கிறது. 1755-இல் ஹைதர் அலி திண்டுக்கல்லுக்குப் படைத்தலைவராக வந்தார். அவருடைய தங்கை அமீருன்னிஸா பேகம் அடக்கமான இடம் இங்குள்ள பெரிய பள்ளிவாசல். அவர் பெயரால் ஊர் பேகம்பூர் ஆயிற்று. 'பேக்' என்ற துருக்கியச் சொல் தலைவனைக் குறிக்கும். பேகம் அதன் பெண்பால். அந்தச் சொல் புழங்கும் உருதுவில் நினைவிழந்தவருக்குப் 'பேஹோஷ்' என்று பெயர். 'பே' என்றால் இல்லாத, 'ஹோஷ்' என்றால் உணர்வு. அனஸ்தீசியா என்ற கிரேக்கச் சொல்லும் இதே அமைப்புத்தான்: 'அன்' இன்மை, 'ஐஸ்தேசிஸ்' உணர்தல்.

அந்தக் கிரேக்கச் சொல் பழையது. மருத்துவப் பெயராக நிலைத்த நாள் அண்மையது. 1846 அக்டோபர் 16 அன்று பாஸ்டன் நகரின் மாசச்சூசெட்ஸ் பொது மருத்துவமனையில் பல் மருத்துவர் வில்லியம் மார்ட்டன் ஈதர் ஆவி கொடுத்து, வலி தெரியாமல் கட்டியை அறுக்க முடியும் என்று பலர் முன்னிலையில் காட்டினார். அடுத்த மாதம் 21-ஆம் தேதி மருத்துவர் ஆலிவர் வெண்டெல் ஹோம்ஸ் அவருக்குக் கடிதம் எழுதி, இந்த நிலைக்கு அனஸ்தீசியா என்று பெயர் வைக்கலாம் என்றார். 1847 மார்ச்சில் ஈதர் கல்கத்தாவுக்கு வந்தது. அந்த ஆண்டு நவம்பரிலேயே எடின்பரோவில் மருத்துவர் சிம்சன் குளோரோபார்மை அறிமுகப்படுத்தினார். அறுவை அரங்கிலிருந்து குளோரோபார்ம் போய்ப் பல காலம் ஆன பின்னும், எந்த மயக்க மருந்தையும் அந்தப் பெயராலேயே சொல்லும் பெரியவர்கள் உண்டு.

கிரேக்கப் பெயர் உணர்ச்சி போவதைச் சொல்கிறது. தமிழ்ப் பெயர் நினைவு போவதைச் சொல்கிறது. கண்புரை அறுவையில் இந்த வேறுபாடு வெளிப்படையாகத் தெரியும். மதுரையில் 1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனைக்கும் அதன் முகாம்களுக்கும் போய்வந்த குடும்பங்கள் திண்டுக்கல் வட்டாரத்தில் ஏராளம். பெரும்பாலோருக்குக் கண்ணைச் சுற்றி ஓர் ஊசி அல்லது சொட்டு மருந்துதான். நினைவு முழுக்க இருக்கும். "மயக்கமே குடுக்கல, மரத்துப் போற ஊசிதான்" என்று வந்து சொல்வார்கள். அதுவும் மயக்கவியல்தான். ஆனால் பெயர் அதை உள்ளே சேர்க்கவில்லை. ஆகவே மக்கள் 'மரத்தல்' என்ற இன்னொரு சொல்லை எடுத்துக்கொண்டார்கள். மரம்போல உணர்வற்றுப் போவது, சரியான சொல்.

மரக்கச் செய்யும் மருந்தின் கதை தொடங்கியதும் கண்ணில்தான். 1884-இல் வியன்னா மருத்துவர் கார்ல் கொல்லர், கோகெயின் கரைசலைக் கண்ணில் விட்டால் வலி தெரியாது என்று கண்டார். கோகா இலையிலிருந்து வந்ததால் அது கோகெயின். பின்னால் வந்த மருந்துகள் அந்தப் பெயரின் வாலைப் பிடித்துக்கொண்டன: நோவோகெயின், லிக்னோகெயின், சைலோகெயின். இன்று பல் பிடுங்கப் போடும் ஊசியில் கோகெயின் கிடையாது. பெயரின் வால் மட்டும் மிச்சம்.

இனித் தெளிதல். இது நீரின் சொல். கலங்கிய ஊருணித் தண்ணீரைக் கொண்டுவந்து, பானையின் உட்புறம் தேற்றான்கொட்டையை உரைத்து ஊற்றி வைப்பார்கள். சேறு அடியில் படியும், மேல்நீர் தெளியும். தேற்றான் என்ற பெயரே தேற்றுவதால் வந்தது. தேறுதலில் தெளிவும் உண்டு, அதற்கு மேலும் உண்டு: துக்கத்திலிருந்து மீள்வதும், பரீட்சையில் வெல்வதும், நோய்க்குப் பின் வலு பெறுவதும் தேறுதலே. கலந்தது மயக்கம் என்றால் பிரிந்து அடங்கியது தெளிவு. தெளிந்தபின் தன் காலில் நிற்பது தேறுதல்.

ஆராய்ச்சியும் இதே படிகளில்தான் ஏறியது. அறுவை முடிந்ததும் கொண்டுபோகும் அறையில் செவிலியர் குனிந்து, "அம்மா, கண்ணைத் திறங்க. பேரு சொல்லுங்க. கையைத் தூக்குங்க, காலை அசைங்க. நல்லா இழுத்து மூச்சு விடுங்க" என்று கேட்பது பேச்சுக்காக அல்ல, ஒவ்வொன்றும் மதிப்பெண். 1970-இல் மயக்க மருத்துவர் ஆல்ட்ரெட்டி வகுத்த முறை இது. கைகால் அசைவு, மூச்சு, ரத்த அழுத்தம், நினைவு, தோலின் நிறம் ஆகிய ஐந்துக்கும் இரண்டிரண்டு மதிப்பெண். பின்னாளில் நிறத்துக்குப் பதில் விரலில் மாட்டும் கருவி காட்டும் ஆக்சிஜன் அளவு வந்தது. பத்துக்கு ஒன்பது வாங்கினால் அந்த அறையை விட்டு வெளியே வரலாம். இது தெளிவுக்கான மதிப்பெண்.

வீட்டுக்குப் போக அது போதாது. அன்றே வீட்டுக்கு அனுப்பும் பழக்கம் முன்பே தொடங்கியிருந்தது. 1909-இல் கிளாஸ்கோவின் அறுவை மருத்துவர் ஜேம்ஸ் நிக்கல், பத்தாண்டில் கிட்டத்தட்ட 9,000 அறுவைகளைக் குழந்தைகளுக்குப் படுக்கையில் சேர்க்காமலே செய்து, தாயிடம் கொடுத்தனுப்பியதைப் பதிவு செய்தார். அந்த வழி அகலமாக நெடுங்காலம் ஆயிற்று. 1980-களில் பால்போல வெண்மையான புரோபோபால் வந்தபின் வேகம் கூடியது. விரைவில் தெளிய வைப்பதும், குமட்டலைக் குறைப்பதும் அதன் சிறப்பு. விரைவில் தெளிந்தவர்களை எப்போது அனுப்புவது? டொரொண்டோவின் மயக்க மருத்துவர் பிரான்சிஸ் சங் 1990-களில் இன்னொரு மதிப்பெண் முறை தந்தார். ரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் நிலையாக இருக்கின்றனவா, தள்ளாடாமல் நடக்கிறாரா, குமட்டல் எவ்வளவு, வலி எவ்வளவு, ரத்தக் கசிவு உண்டா? இதிலும் பத்துக்கு ஒன்பது வேண்டும். தேறினால்தான் வீடு என்பது இங்கே நேர்ப்பொருளிலேயே உண்மை.

அதற்கும் அப்பால் ஒரு படி. 2013-இல் ஆஸ்திரேலியாவில் உருவான பதினைந்து கேள்விப் பட்டியல், நோயாளியின் வாயாலேயே விடை கேட்கிறது. நன்றாகத் தூங்கினீர்களா, சாப்பாடு பிடித்ததா, குளியலும் கழிப்பறையும் பிறர் உதவியின்றி முடிந்ததா, வேலைக்குத் திரும்ப முடிகிறதா, மனம் கலங்குகிறதா? ஒவ்வொன்றுக்கும் பத்து, மொத்தம் 150. நம் வீடுகளில் உடம்பு தேறிருச்சா என்று கேட்கிறவர் அறிய விரும்புவதும் இவற்றையே.

இவ்வளவு நுட்பமாகப் பிரித்த தமிழ், ஒரு சொல்லை மட்டும் பல பொருளில் புழங்கவிடுகிறது. வீட்டுக்கு வந்த நோயாளி "மயக்கமா இருக்கு" என்பார். மருந்தின் தூக்கக் கலக்கமாக இருக்கலாம், எழுந்து நின்றதும் ரத்த அழுத்தம் இறங்கி வரும் தலைசுற்றலாக இருக்கலாம், குமட்டலாக இருக்கலாம், சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரை குறைந்திருக்கலாம். நான்குக்கும் செய்ய வேண்டியது வேறு வேறு. குமட்டலுக்கு மட்டும் தனி ஆராய்ச்சியே உண்டு. 1999-இல் அப்பெல் என்ற ஜெர்மானிய மருத்துவர் நான்கு காரணங்களைச் சொன்னார்: பெண்ணாக இருத்தல், புகைக்காதவராக இருத்தல், பயணத்திலோ முந்தைய ஆபரேஷனிலோ வாந்தி எடுத்திருத்தல், அறுவைக்குப் பின் ஓபியம் வகை வலி மருந்து பெறுதல். எதுவும் இல்லாவிட்டால் பத்துப் பேரில் ஒருவருக்கும், நான்கும் இருந்தால் பத்தில் எட்டுப் பேருக்கும் தொந்தரவு வரலாம். ஆகவே "கொடைக்கானல் பஸ்ஸுல போனா வாந்தி வருமா?" என்று மயக்க மருத்துவர் கேட்டால், வெட்கப்படாமல் உள்ளதைச் சொல்ல வேண்டும். முன்கூட்டியே மருந்து கொடுக்க அந்த ஒரு விடை உதவும்.

முழு மயக்கமோ தூக்க ஊசியோ பெற்றவர் 24 மணி நேரம் வண்டி ஓட்டக்கூடாது, பத்திரத்தில் கையெழுத்திடக்கூடாது, பொறுப்பான ஒருவர் துணை இருக்க வேண்டும் என்பது பொதுவிதி. பேகம்பூர்ப் பகுதியில் தோல் பதனிடும் ஷாப்பில் வழுக்கும் தரையில் நின்று வேலை பார்ப்பவருக்கும், கடையில் கல்லாவில் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பவருக்கும் இது ஒருபோலப் பொருந்தும். ஆள் பேசுகிறாரே, நன்றாகத் தெளிந்துவிட்டாரே என்று அந்த நாளிலேயே வேலைக்கு அனுப்புவதுதான் ஆபத்து. பேச்சு தெளிந்திருக்கும், கையின் வேகமும் கணக்கின் நிதானமும் இன்னும் தேறியிருக்காது.

டிஸ்சார்ஜ் சீட்டுகள் தமிழில் வர வேண்டும் என்று கேட்கிறோம். வரும்போது 'மயக்கம்' என்ற ஒற்றைச் சொல்லால் எல்லாவற்றையும் மூடாமல் தூக்கக் கலக்கம், தலைசுற்றல், குமட்டல், மரப்பு என்று தனித்தனியே அச்சிட வேண்டும். தெளிந்த நேரம் ஒரு கட்டத்திலும், தேறுவதற்கு ஆகும் நாட்களும் அதுவரை விலக்க வேண்டிய வேலைகளும் இன்னொரு கட்டத்திலும் இருக்க வேண்டும். சொற்கள் நம்மிடம் தயாராகவே இருக்கின்றன. மருத்துவமனைகள் எடுத்துப் பயன்படுத்த வேண்டியதுதான் பாக்கி.